துண்டுச் சீட்டும் பணிச் சான்றும்

வேலையில் சேருகின்ற நாள் ஒருவர் வாழ்வில் எவ்வளவு முக்கியமானதோ, வேலையை விட்டு விலகுகின்ற நாளும் அவ்வளவு முக்கியமானது. ஆயினும், முதல் நாளைப் பற்றி நாம் எண்ணுகின்ற அளவிற்குக் கடைசி நாளைப் பற்றி எண்ணுவதில்லை. சம்பளப் பாக்கி வந்ததா, வைப்பு நிதி கிடைத்ததா, கணக்கு முடிந்ததா என்பவற்றோடு நம் கேள்விகள் நின்றுவிடுகின்றன. இவர் இங்கே இத்தனை ஆண்டுகள் இன்ன வேலையைச் செய்தார் என்று எழுதித் தரும் ஒரு தாளைக் கேட்டு வாங்க வேண்டும் என்ற நினைவு பலருக்கு வருவதில்லை. வந்தாலும், அத்தாளில் எழுதப்படும் சொற்களையும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்பது தெரிவதில்லை.

பிறந்த ஊரிலேயே வாழ்வோர்க்கு இது பெருங்குறை அன்று. அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல ஊரார் இருக்கின்றனர், உறவினர் இருக்கின்றனர், தெருவின் கோடியில் உள்ள தேநீர்க் கடைக்காரர்கூடச் சொல்லுவார். ஊரை விட்டு வந்தவர் நிலை வேறு. அந்தமானில் சிப்பிகாட்டில் குடியேறியவரை எடுத்துக்கொள்ளுங்கள். தில்லியிலோ மும்பையிலோ பெங்களூரிலோ பிழைப்புத் தேடி வந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். இவர்கள் ஓரிடத்தில் பத்தாண்டு உழைத்துவிட்டு அடுத்த இடத்திற்குச் சென்றால், அந்தப் பத்தாண்டுகளுக்குச் சாட்சி யார்? கையில் இருக்கும் தாள் ஒன்றே சாட்சி. அது இல்லையேல், நாற்பது வயதிலும் புதிதாகச் சேர்ந்த பையனைப் போலக் கடைசி வரிசையில் நிற்க வேண்டி வரும்.

இத்தாளுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் தமிழர்க்குரிய பங்கு சிறிதன்று. நம் முன்னோர் ஒரு காலத்தில் வேலையை விட்டு விலகும்போது பெற்ற தாள், அவர்களுடைய திறமையைச் சொல்லவில்லை. அவர்களுடைய விலையைச் சொல்லிற்று. அந்தத் தாளுக்குத் துண்டு என்று பெயர்.

இலங்கையின் மலைநாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காப்பித் தோட்டங்கள் பரவின. 1869 ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது. 1867 இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் தொடங்கிய தேயிலைப் பயிர் அதன் இடத்தைப் பிடித்தது. பின்னர் ரப்பரும் வந்து சேர்ந்தது. பயிர் எதுவாயினும், காட்டை வெட்டியவரும் செடியை நட்டவரும் கொழுந்தைப் பறித்தவரும் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களே. அவர்களைத் திரட்டிச் சென்றவர் கங்காணி. தம் ஊரிலும் அண்டை ஊர்களிலும் உறவினரையும் தெரிந்தவரையும் சேர்த்துக்கொண்டு சென்ற சில்லறைக் கங்காணிகள் பலர். அவர்களுக்கு மேலே பெரிய கங்காணி ஒருவர். வழிச்செலவுக்கும் ஊரில் இருந்த பழைய கடனை அடைப்பதற்கும் தோட்டத் துரை கங்காணியிடம் முன்பணம் கொடுப்பார். அம்முன்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்படும். தோட்டத்திற்குள் காலடி எடுத்து வைக்கும்போதே தொழிலாளி கடன்காரராகத்தான் வைத்தார்.

சட்டப்படி பார்த்தால், பெரும்பாலோர் மாத ஒப்பந்தக்காரர்களே. ஒரு மாதம் முன்கூட்டி அறிவித்துவிட்டு வேறிடம் செல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால், அறிவிப்பின்றிச் சென்றால் 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் அவர்களைச் சிறைக்கு அனுப்ப வழி செய்தது. அறிவித்துவிட்டுச் செல்லலாம் என்றாலோ, கடன் குறுக்கே நின்றது. இந்தச் சிக்கலிலிருந்து வெளியேறும் வாயிலாக அமைந்ததே துண்டு.

அதன் நடைமுறை இதுதான். ஒரு கங்காணி தம் ஆட்களுடன் வேறு தோட்டத்திற்குச் செல்ல விரும்பினால், துரையிடம் துண்டு கேட்பார். இன்ன கங்காணியும் அவரைச் சேர்ந்த இத்தனை ஆட்களும் எனக்கு இவ்வளவு தொகை தர வேண்டும். அத்தொகையைக் குறித்த நாளுக்குள் செலுத்துவோரிடம் அவர்களை விடுவிக்கச் சம்மதிக்கிறேன் என்னும் பொருள்பட ஒரு தாளில் எழுதித் துரை கையொப்பமிடுவார். அதை எடுத்துக்கொண்டு கங்காணி தோட்டம் தோட்டமாகச் செல்வார். ஆள் பற்றாக்குறையால் தவிக்கும் துரை ஒருவர் தொகையைக் கட்டுவார். அன்று முதல் அத்தனை ஆட்களும் அவருடைய தோட்டத்தின் ஆட்கள். அத்தனை கடனும் அவருக்குரிய கடன்.

இதனால் விளைந்த கேட்டை ஒரு கணக்கால் விளக்கலாம். ஐம்பது ஆட்களுக்குத் துண்டுத் தொகை ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புதிய துரை அந்த ஆயிரத்தைப் பழைய துரைக்குச் செலுத்துகிறார். கங்காணியைத் தம் பக்கம் இழுப்பதற்காக மேலும் ஐந்நூறு ரூபாய் முன்பணம் தருகிறார். அடுத்த முறை கங்காணி துண்டு கேட்கும்போது தொகை ஆயிரத்து ஐந்நூறு. அதற்கும் அடுத்த முறை இரண்டாயிரம். ஆட்கள் அதே ஐம்பது பேர். அவர்கள் கைக்கு வந்தது ஒன்றுமில்லை. கடன் மட்டும் இரட்டித்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் ரப்பர் விலை உயர்ந்து புதிய தோட்டங்கள் பெருகியபோது, ஆட்களுக்காகத் துரைமார் போட்டியிட்டனர். துண்டுத் தொகைகளும் அப்போது விறுவிறுவென ஏறின.

இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்று உண்டு. துண்டும் ஒருவகையில் வேலையை விட்டு விலகும்போது பேசி முடிக்கும் உடன்பாடுதான். ஒரு தரப்பில் துரை, மறுதரப்பில் கங்காணி. தொகையைக் கூட்டுவது, குறைப்பது, நாள் நீட்டிப்பது என்று பேச்சு நடக்கும். ஆனால், யாரைப் பற்றிய பேச்சு நடந்ததோ அவர் அங்கே இல்லை. கொழுந்து பறிப்பதில் வல்லவள் என்றோ, கவாத்து வெட்டுவதில் தேர்ந்தவன் என்றோ அத்தாளில் ஒரு சொல்லும் இருக்கவில்லை. தலை எண்ணிக்கையும் ரூபாயும் மட்டுமே இருந்தன.

இத்தகைய கட்டு நம்மவர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. பிரான்சு நாட்டில் 1803 ஆம் ஆண்டில் தொழிலாளர் கையேடு என்னும் முறை ஏற்பட்டது. ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு சிறு ஏட்டை வைத்திருக்க வேண்டும். முதலாளி கொடுத்த முன்பணம் அதில் குறிக்கப்படும். கடமை தீர்ந்தது என்று முதலாளி அதில் எழுதிக் கொடுத்தாலன்றி வேறிடத்தில் வேலை கிடைப்பது அரிது. ஏடு இல்லாமல் ஊர் மாறுபவன் நாடோடி எனப் பிடிக்கப்படலாம். 1851 இல் கொண்டுவந்த சட்டம் ஏட்டில் பதியக்கூடிய முன்பணத்தை 30 பிராங்கு என வரையறுத்தது. 1854 இல் வந்த சட்டம் ஏட்டைத் தொழிலாளியின் கையிலேயே இருக்கச் செய்தது. 1890 இல் அம்முறை அடியோடு நீக்கப்பட்டது. யார் கையில் ஏடு இருக்கிறது, அதில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்னும் இவ்விரு கேள்விகளைச் சுற்றியே அந்தப் போராட்டம் முழுவதும் நடந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இலங்கையில் துண்டு முறைக்கு எதிராக எழுந்த குரல்களும் பல. இந்திய அரசின் சார்பில் மார்ஜோரிபாங்ஸ் என்பவரும் அகமது தம்பி மரைக்காயர் என்பவரும் இலங்கை, மலாயா நாடுகளுக்குச் சென்ற தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1917 இல் அறிக்கை அளித்தனர். சர் பொன்னம்பலம் அருணாசலம் 1919 இல் இலங்கைத் தொழிலாளர் நலக் கழகத்தை நிறுவி, வேலையை விட்டவரைச் சிறையிலிடும் கொடுமையை எதிர்த்துப் பேசினார், எழுதினார். இறுதியில் 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. வேலையை விடுதல் சிறைக்குரிய குற்றம் என்னும் நிலையும் நீங்கிற்று. மனிதனை விலை கூறிய தாள் சட்டத்திற்கு வெளியே தள்ளப்பட்டது.

ஆனால், துண்டு போனபின் சீட்டு நின்றது. தோட்டத்தை விட்டு நீங்குவோர்க்குக் கொடுக்கப்படும் விடுவிப்புச் சீட்டை மலைநாட்டு மக்கள் பற்றுச்சீட்டு என்பர். அச்சீட்டு இல்லாதவரை அடுத்த தோட்டம் ஏற்கத் தயங்கும். எனவே, சீட்டைக் கொடுப்பதும் ஒரு கருவியாயிற்று; கொடாமல் வைத்திருப்பதும் ஒரு கருவியாயிற்று. துரைக்கு வேண்டாதவர்க்குச் சீட்டு உடனே வரும். லயத்து அறையைக் காலி செய்துவிட்டு வெளியேற வேண்டும். தானே வெளியேற விரும்புபவர்க்கோ அது எளிதில் வராது. தஞ்சையிலிருந்து சென்று தொழிலாளர்க்காகப் பாடுபட்ட கோ. நடேசய்யரும், அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் தொழிலாளர்களிடம் ஓயாது சொல்லிவந்தது உரிமைகளை அறிந்துகொள்ளுங்கள் என்பதே. எழுத்தறியாதவரின் கையில் உள்ள சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துச் சொல்வதே அந்நாளில் பெரிய தொண்டு.

இனிக் கடலின் பக்கம் வருவோம். தீவில் வாழும் நேயர்களுக்குக் கப்பல் தொழிலாளியின் விடுவிப்பு ஏடு புதிதன்று. இந்திய மாலுமிகள் அதை நல்லி என்று வழங்குவர். ஒரு பயணம் முடிந்து கப்பலை விட்டு இறங்கும்போது, எந்தக் கப்பல், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, என்ன வேலை என்பன அதில் பதியப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டானியக் கப்பற் சட்டங்கள் மாலுமியின் நடத்தை பற்றியும் கப்பல் தலைவர் கருத்துக் கூறும் முறையை உண்டாக்கின. மிக நன்று என்பது ஒரு கருத்து. கருத்துக் கூற மறுக்கிறேன் என்பது மற்றொரு கருத்து. இந்தியாவின் 1958 ஆம் ஆண்டு வணிகக் கப்பற் சட்டமும் தலைவர் கருத்துக் கூறலாம், அல்லது கூற மறுக்கலாம் என்றே வகுத்தது.

மறுத்தல் என்பது பார்வைக்கு நடுநிலை போலத் தோன்றும். உண்மையில் அதைவிடக் கூரிய வசை இல்லை. கருத்துக் கூற மறுக்கப்பட்ட மாலுமியை அடுத்த கப்பல் ஐயத்தோடே பார்க்கும். வாய்திறந்து குறை கூறினால் மறுத்துப் பேசலாம். மௌனத்தை மறுத்துப் பேச யாரால் இயலும்? ஆகவே, விடைபெறும் தாளில் எழுதப்பட்ட சொல்லைப் போலவே எழுதப்படாத சொல்லும் ஆளின் வாழ்வை மாற்ற வல்லது என்பதைக் கடல் தொழில் நமக்குக் கற்பிக்கிறது.

நாம் வாழும் இத்தீவுகளின் பழைய வரலாறும் தாளோடும் கட்டையோடும் பிணைந்ததே. 1858 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் டாக்டர் வாக்கர் கைதிகளோடு வந்து இறங்கியதிலிருந்து இங்கே தண்டனைக் குடியிருப்புத் தொடங்கிற்று. கைதியின் கழுத்தில் தொங்கிய மரக்கட்டையில் அவர் எண், தண்டனைக்குரிய சட்டப் பிரிவு, தண்டனை பெற்ற நாள், விடுதலை நாள் ஆகியவை பொறிக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழப் பத்தாண்டு நன்னடத்தையோடு கழித்தவர், அனுமதிச் சீட்டுப் பெற்று, நிலம் உழுதும் கால்நடை வளர்த்தும் தாமே பிழைத்துக்கொள்ளலாம். தண்டனைக் கைதியும் தோட்டத் தொழிலாளியும் ஒருவரல்லர். அவர்களை ஒன்றாகக் கருதுதல் தவறு. ஆயினும் ஒரு செய்தி இருவர்க்கும் பொதுவானது. இருவரைப் பற்றியும் எழுதியவர் மேலதிகாரி. எழுதப்பட்டவர்க்கு அதில் சொல் ஒன்றும் இல்லை.

இனி, தமிழர் வரலாற்றிலேயே மிகப் பெரிய பணி விலகல் ஒன்றைக் காண்போம். 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். இலங்கையில் குடியுரிமையற்றிருந்த இந்திய வமிசாவளியினர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும் என்பது ஏற்பாடு. 1974 இல் அவர்கள் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டனர்.

அவ்வுடன்பாடு மக்களின் எண்ணிக்கையைப் பேசிற்று, காலவரையறையைப் பேசிற்று, சேமலாப நிதி, பணிக்கொடை உள்ளிட்ட உடைமைகளைக் கொண்டு வருவதைப் பற்றியும் பேசிற்று. ஒரு குடும்பம் கொண்டு செல்லத்தக்க சொத்தின் உச்ச அளவு 4,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்றும் கூறிற்று. பணத்தைப் பொறுத்தவரை அதுவும் தேவையான விதியே. ஆனால், மூன்று தலைமுறையாக மலையைத் தேயிலையாக்கிய கைகளின் திறமையைச் சான்று செய்வது அங்கே பேசப்பட்ட பொருளன்று. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர், அட்டையில் தம் குடும்பத்தாரின் எண்ணிக்கையோடு இறங்கினார். தம் தொழிலின் பெயரோடு இறங்கவில்லை.

இதன் விளைவை வந்து சேர்ந்த இடங்களிற் காணலாம். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்காகவே எழுந்தன. அங்கே அவர்களுடைய பழைய தொழில் மதிப்புப் பெற்றது. நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றாகிய கச்சாலில் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களும் உண்டு. பால் வெட்டுவோர் கையில் உள்ள நுட்பம் அங்கே பயன்பட்டது. ஆனால், சிறு வணிகக் கடன் பெற்றுத் தமிழ்நாட்டின் உலர்ந்த ஊர்களில் கடை வைக்க அனுப்பப்பட்டவர்களோ பலர். கவாத்துக் கத்தியைப் பிடித்த கைக்குத் தராசு புதிது. கடன் தீர்ந்தது, கடை நொடித்தது, கூலி வேலை தேடிச் சென்றவரிடம் உனக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்டால், காட்டுவதற்கு ஒரு தாள் இல்லை.

இத்தனைக்கும் பிறகு, விடைபெறும் தாள் தொழிலாளிக்கு உரிய பொருள் என்னும் கருத்து உலகில் மெல்ல வேரூன்றியது. ஜெர்மனியில் 1900 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டத் தொகுப்பே, பணி முடிந்தவர் சான்று கேட்டுப் பெறலாம் என்றது. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1963 ஆம் ஆண்டில் வெளியிட்ட 119 ஆம் பரிந்துரை இதைத் தெளிவாக வகுத்தது. வேலையில் சேர்ந்த நாள், விலகிய நாள், செய்த வேலையின் வகை ஆகியவற்றைக் கூறும் சான்றைத் தொழிலாளி கேட்டால் தர வேண்டும். அவருக்குப் பாதகமானது எதுவும் அதில் எழுதப்படலாகாது. 1982 இல் வந்த 166 ஆம் பரிந்துரை இன்னும் ஒரு படி சென்றது. தொழிலாளி விரும்பினால் மட்டுமே அவருடைய நடத்தையையும் திறமையையும் பற்றிய மதிப்பீட்டை எழுதலாம் என்றது. துண்டு எழுதப்பட்ட காலத்தையும் இப்பரிந்துரையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர்க்கு, இடையில் நடந்த மாற்றத்தின் பருமை விளங்கும்.

நம் நாட்டில் 1946 ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் கீழ் அமைந்த மாதிரி நிலையாணைகள், நிரந்தரத் தொழிலாளி ஒவ்வொருவரும் நீக்கப்பட்டாலும் விடுவிக்கப்பட்டாலும் ஓய்வு பெற்றாலும் பணிச் சான்று பெற உரிமை உடையவர் என்று கூறின. நீக்கப்பட்டவர்க்கும் அவ்வுரிமை உண்டு என்பது கவனிக்கத்தக்கது. ஒருவர் ஏன் வெளியேறினார் என்பது ஒரு வழக்கு. அவர் அங்கே உழைத்தார் என்பது ஓர் உண்மை. வழக்கில் தோற்றவரிடமிருந்து உண்மையைப் பறித்துக்கொள்ளலாகாது என்பதே அவ்விதியின் உட்கருத்து.

தொழிற்சங்கப் பழக்கம் உள்ளவர்கள் பன்னிரண்டு மூன்று ஒப்பந்தம், பதினெட்டு ஒன்று ஒப்பந்தம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1947 ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் பிரிவுகள் அவை. சமரச அதிகாரியின் முன்னிலையில் ஏற்படுவது ஒன்று. இரு தரப்பினரும் தமக்குள் செய்துகொள்வது மற்றொன்று. அச்சட்டத்தின் இடத்தில் 2020 ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டத்தின் பெயரும் பிரிவின் எண்ணும் மாறலாம். ஒப்பந்தத்தில் எழுதியதே நிற்கும், எழுதாதது நில்லாது என்னும் நெறி மாறுவதில்லை.

பிரிட்டன் நாட்டின் அனுபவம் இங்கே ஒளி தருவது. அங்கே பொதுவாக முதலாளி சான்று தந்தே ஆக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. 1792 இலேயே வேலைக்காரர்க்குப் பொய்ச் சான்று தருவோரைத் தண்டிக்கச் சட்டம் இருந்தது. உண்மைச் சான்றைத் தருவதற்கோ சட்டம் இல்லை. 1994 ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை, சான்று எழுதுபவர் கவனத்தோடு எழுதக் கடமைப்பட்டவர் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் பல முதலாளிகள் சேர்ந்த நாளையும் விலகிய நாளையும் மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாயினர். ஆகவே, மனவேற்றுமையால் வேலையை விட்டு விலகுவோர் உடன்பாடு செய்துகொள்ளும்போது, சான்றின் வாசகத்தையே பேசி முடித்து, உடன்பாட்டின் இறுதியில் இணைப்பாகச் சேர்க்கும் வழக்கம் பரவிற்று. பின்னர் யார் தொலைபேசியில் கேட்டாலும், கடிதத்தில் கேட்டாலும், அவ்வாசகத்திற்கு மாறாக எதுவும் சொல்லுவதில்லை என்றும் முதலாளி ஒப்புக்கொள்கிறார்.

ஜெர்மனியில் வேறொரு நுட்பம் வளர்ந்தது. சான்று தொழிலாளியின் முன்னேற்றத்தைத் தடுக்காத வகையில் நல்லெண்ணத்தோடு அமைய வேண்டும் என்று அங்குள்ள நீதிமன்றங்கள் கூறின. அதனால் குறையை நேரே எழுத அஞ்சியவர்கள், புகழ்ச்சிபோல் ஒலிக்கும் சொற்களில் குறையைப் பொதிந்து வைத்தனர். தம்மால் இயன்றவரை முயன்றார் என்று எழுதினால், முயன்றார், முடிக்கவில்லை என்பது அறிந்தவர்க்குப் பொருள். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர் இத்தகைய சொற்களை நன்கு அறிவர். திருப்திகரம் என்னும் நம் அலுவலகச் சொல்லும் இவ்வகையினதே. படிப்பவர் முகத்தைப் பொறுத்து அது பாராட்டாகவும் தோன்றும், பெருமூச்சாகவும் தோன்றும்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியன சில. முதலாவது, சான்றைக் கடைசியில் கேட்கலாகாது. முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையொப்பமிட்ட பின்னர்ப் பேசுவதற்கு நம்மிடம் ஒன்றும் மிஞ்சுவதில்லை. பணத்தைப் பற்றிப் பேசும் அதே மேசையில், அதே நாளில், சான்றின் வாசகமும் பேசப்பட வேண்டும். வாசகத்தை நாமே எழுதிக் கொண்டு செல்லுதல் நன்று. வெறுந்தாளைக் கண்டு தயங்கும் மேலாளர், எழுதிய தாளில் ஒரு சொல்லை மாற்றிவிட்டுக் கையொப்பமிடத் தயங்குவதில்லை.

இரண்டாவது, உண்மைகளைக் கேட்க வேண்டும். புகழ்ச்சியைப் பின்னர்க் கேட்கலாம். சேர்ந்த நாள், விலகிய நாள், பதவியின் பெயர், உண்மையில் செய்த வேலை, கையாண்ட பொறி, பொறுப்பில் இருந்த ஆட்களின் எண்ணிக்கை ஆகியவை தெளிவாக வர வேண்டும். உதவியாளர் என்று பதவி எழுதி, பத்தாண்டு பற்றவைப்பு வேலை செய்தவர், பற்றவைப்பு என்னும் சொல்லை விட்டுவிட்டால் பத்தாண்டையும் விட்டுவிட்டவர் ஆவார். மிகைப் புகழ்ச்சிக்கு ஆசைப்படுதல் வேண்டா. பொய்ச் சான்று இன்று ஒருவர்க்கு உதவும். நாளை அந்நிறுவனத்திலிருந்து வரும் மெய்ச் சான்றுகளுக்கும் மதிப்பில்லாமற் செய்துவிடும். நம் பின்னே வரும் தோழர்க்கு நாம் செய்யும் தீங்கு அது.

மூன்றாவது, விலகிய காரணத்திற்கு எழுதப்படும் சொல்லில் விழிப்பு வேண்டும். நீக்கப்பட்டார் என்பதும், உடன்பாட்டின்படி பணியிலிருந்து விலகினார் என்பதும் ஒன்றல்ல. தகராறு உடன்பாட்டில் முடிந்திருக்குமானால், பின்னது பொய்யும் அன்று. பூசி மெழுகுதலும் அன்று. நடந்ததை நடந்தவாறு கூறுதலே. வருங்கால வைப்பு நிதிக் கணக்கிலும் விலகிய நாள் பதியப்பட வேண்டும். 2014 ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் பொதுக் கணக்கு எண், ஊர் மாறினாலும் முதலாளி மாறினாலும் தொழிலாளியைப் பின்தொடர்ந்து வருவது. சான்றில் உள்ள நாளும் அக்கணக்கில் உள்ள நாளும் ஒத்திருத்தல் அவசியம்.

நான்காவது, நம் போன்று மாநிலம் கடந்து வாழ்வோர்க்கே உரிய ஒன்று. சான்று எந்த மொழியில் இருக்கிறது என்று பாருங்கள். நமக்குப் படிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட தாளில், வாங்கும் இடத்திலேயே, நம்பிக்கைக்குரிய ஒருவரைக் கொண்டு படித்தறிந்த பின்னரே கையொப்பம் இட வேண்டும். மலைநாட்டுத் தொழிலாளியின் பற்றுச்சீட்டு அவருக்குப் புரியாத மொழியில் இருந்தது அந்நாளின் அவலம். எழுத்தறிவு பரவிய இந்நாளில் அவ்வவலம் தொடர்தல் நமக்குப் பெருமையன்று.

2004 ஆம் ஆண்டு திசம்பர் 26 ஆம் நாள் நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் நிலம் தாழ்ந்தது. சிப்பிகாட்டின் தாழ்ந்த வயல்களில் கடல்நீர் புகுந்தது. நெல் விளைந்த இடங்கள் சதுப்பாயின. நேற்றுவரை உழவராக இருந்தோர் பிறரிடம் வேலை கேட்டுச் செல்ல நேர்ந்தது. நிலம் ஒருவர்க்குச் சொல்லாமலே சான்றளிப்பது. அவருடைய உழைப்பை விளைச்சல் ஊரறியச் சொல்லிவிடும். அந்நிலம் போனபின், உழைப்பைச் சொல்ல ஏடு ஒன்று தேவையாகிறது. புலம்பெயர்ந்தோர் அனைவரும் ஒருவகையில் நிலம் இழந்தவர்களே. ஆதலின், அவர்கள் கையில் உள்ள தாள் வெறும் அலுவலகத் தாள் ஆகாது.

துண்டு எழுதிய துரையிடம் நம் முன்னோர் பேச முடியவில்லை. அவர்களுக்காகக் கங்காணி பேசினார், தமக்காகவும் பேசிக்கொண்டார். 1964 இல் அவர்களுக்காக இரு அரசுகள் பேசின. இன்று நம்மைப் பற்றிய வாசகத்தை நாமே எழுதிக் கொண்டு சென்று, எதிரே அமர்ந்து, இச்சொல்லை மாற்றுங்கள் என்று மரியாதையோடு கேட்க முடிகிறது. பேச்சு முடியாதபோது சங்கத்தையோ தொழிலாளர் அதிகாரியையோ நாட முடிகிறது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட போராட்டத்தால் கிடைத்த பேச்சுரிமை இது. வேலையை விட்டு விலகும் நாளில், பணத்தை எண்ணி வாங்குவது போலவே சொல்லையும் எண்ணி வாங்குங்கள்.